டி.என்.ஏ.யைத் துலக்கும் பிளாஸ்டிக் சில்லு

பள்ளிக்கூட அறிவியல் அறையில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நன்கு கனிந்த வாழைப்பழத்தைச் சிறிது நீரும் உப்பும் சேர்த்து மசித்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தில் சில துளிகளை அதில் மெல்லக் கலந்து, காப்பி வடிக்கும் துணிப்பையில் இட்டு வடிகட்ட வேண்டும். வடிந்த சாற்றின்மேல், நன்றாகக் குளிரச் செய்த சாராயத்தைக் குவளையின் ஓரமாக மெதுவாக ஊற்றினால், இரண்டு திரவங்களும் சந்திக்கும் எல்லையில் வெண்மையான நூல்கள் திரண்டு எழும். தயிரில் வெண்ணெய் திரள்வதை ஒத்த அந்தக் காட்சியை ஒருமுறை கண்ட மாணவன் எளிதில் மறப்பதில்லை. வாழையை வாழையாக்கும் மரபுச் செய்தி முழுவதையும் தாங்கிய டி.என்.ஏ. என்னும் பொருள் அந்த நூல்களில் இருக்கிறது.

ஆனால் அதில் டி.என்.ஏ. மட்டுமே இருக்கிறது என்று கொண்டால் அது பிழையாகும். பழத்தின் பசைப்பொருளும் புரதமும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. வகுப்பறைக்கு அது போதும்; நோய் கண்டறியும் கூடத்துக்குப் போதாது. டி.என்.ஏ.யை வெளியே எடுப்பது எளிது. அதை மாசறத் துலக்குவதுதான் அரிது. பெரிய ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர் பலமுறை கழுவிச் செய்துவந்த அந்த வேலையை, கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கருவிக்குள் அடக்கிவிட முடியும் என்று இன்றைய விஞ்ஞானம் காட்டியிருக்கிறது. அந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அதனால் நோயாளிக்கு விளையும் பயன் யாது என்பவை அறிந்துகொள்ளத் தக்கவை.

மாசு செய்யும் கேடு

நோய்க் கிருமி உடலில் உண்டா, இல்லையா என்பதை அதன் டி.என்.ஏ.யைக் கொண்டு அறியும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1983-இல் அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். என்னும் பெருக்கல் முறையே அதற்கு அடிப்படை. அம்முறையில் ஒரு டி.என்.ஏ. துண்டு இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். எல்லாம் குறையின்றி நடந்தால், முப்பது சுற்றுகள் முடியும்போது ஒரே ஒரு துண்டு 100 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பெருகிவிடும். தனியே இருந்தபோது எந்தக் கருவிக்கும் புலப்படாத ஒன்று, இவ்வாறு பெருகியபின் ஒளியால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பெருக்கலைச் செய்வது பாலிமரேஸ் என்னும் ஒரு நொதி. அந்த நொதி மிகவும் நொய்மையானது. இரத்தத்தின் செந்நிறப் பொருள், இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் மருந்து, மண்ணில் உள்ள மக்கிய பொருள் ஆகியவற்றில் எது சிறிதளவு கலந்தாலும் அது வேலைநிறுத்தம் செய்துவிடும். துலக்குவதற்காகச் சேர்க்கும் சாராயமே கழுவியபின் எஞ்சி நின்றாலும் அதே கதிதான்.

இதில் உள்ள ஆபத்து யாதெனில், நொதி நின்றுபோனால் கருவி ஒன்றும் கூறாமல் இருக்கும். ஒன்றும் தோன்றாமையை 'நோய் இல்லை' என்று எவரேனும் படித்துவிட்டால், நோயுள்ளவர் நலமுள்ளவராக வீட்டுக்கு அனுப்பப்படுவார். இதனாலேயே நல்ல சோதனைகளில் நொதி வேலை செய்ததா என்று காட்டும் ஒரு சாட்சித் துண்டையும் சேர்த்து வைக்கின்றனர். சாட்சியும் பெருகவில்லை என்றால் அச்சோதனை செல்லாது.

காசநோயும் காத்திருத்தலும்

இதன் பொருளை உணரக் காசநோயை எடுத்துக்கொள்வது பொருத்தம். 1882-இல் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவர்க்கு இரண்டு வழிகளே முதன்மையாக இருந்தன. ஒன்று, நோயாளியின் கோழையைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியால் பார்ப்பது. மற்றொன்று, கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் ஊ லியன் தே, 1910-இல் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பரவிய கொள்ளைநோயைக் கண்டறிந்ததும் இந்த இரண்டு வழிகளால்தான். இறந்தவரின் உடலில் கிருமிகள் மலிந்து கிடந்தமையால் அவை அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

காசநோயின் தொடக்க நிலையிலோ கிருமிகள் அவ்வாறு மலிந்திருப்பதில்லை. ஒரு மில்லிலிட்டர் கோழையில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கிக்கு அவை நம்பகமாகப் புலப்படும். வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானது. ஆனால் அக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால் முடிவு தெரியப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நோயாளி வீட்டிலும் பேருந்திலும் பிறரோடு இருந்து இருமிக்கொண்டிருப்பார். இது பழங்கதை அன்று. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலேசியாவில் ஆண்டுதோறும் 25,000-க்கு மேற்பட்ட காசநோயாளிகள் பதிவாயினர்.

கோழையிலிருந்து காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.யைப் பெறுவதில் இரட்டைத் தொல்லை உண்டு. கோழை பிசின் போன்றது. கருவிக்குள் எளிதில் ஓடாது. கிருமியின் மேலுறையோ மெழுகுத் தன்மை கொண்டது. சோப்பு நீருக்கு அசைந்து கொடுப்பதில்லை. வாழைப்பழத்தின் வழி இங்கே செல்லாது.

கண்ணாடித் தூளின் ஈர்ப்பு

டி.என்.ஏ.யை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஃபிரெடரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டினர். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், மருத்துவமனை எறிந்த கட்டுத்துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்து, அதன் வெள்ளணுக்களிலிருந்து அவர் ஒரு புதுப்பொருளைப் பெற்றார். உயிரணுவின் கருவுக்குள் இருந்து கிடைத்தமையால் அதற்கு 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். ஆக, டி.என்.ஏ. ஆராய்ச்சியே அழுக்கைக் கழுவுவதில்தான் தொடங்கிற்று.

இன்று வழங்கும் முறைக்கு வித்திட்டது ஓர் எளிய உண்மை. டி.என்.ஏ.யும் கண்ணாடியும் நீரில் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின; இரண்டும் எதிர்மின் தன்மை உடையவை. ஆயினும் சில வகை உப்புகளை மிகுதியாகக் கரைத்தால், இரண்டையும் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் குலைந்து, டி.என்.ஏ. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். 1979-இல் அமெரிக்காவில் பெர்ட் வோகல்ஸ்டைனும் டேவிட் கில்லெஸ்பியும் இந்த இயல்பைக் கொண்டு கண்ணாடித் தூளால் டி.என்.ஏ.யைத் துலக்கினர். 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பூமும் அவர் குழுவினரும் குவானிடினியம் தையோசயனேட் என்னும் உப்பையும் சிலிக்காத் தூளையும் சேர்த்து, இரத்தம், சிறுநீர் போன்றவற்றுக்கு ஏற்ற முறையாக இதனை வளர்த்தனர். அந்த உப்பு உயிரணுவை உடைக்கும், டி.என்.ஏ.யை அரிக்கும் நொதிகளை அடக்கும், டி.என்.ஏ.யைச் சிலிக்காவில் ஒட்டவும் செய்யும். ஓர் உப்பு மூன்று பணிகளைச் செய்வது வியப்பே.

இம்முறை நான்கு படிகளை உடையது: உடைத்தல், பற்றுதல், கழுவுதல், விடுவித்தல். உயிரணு உடைகிறது. டி.என்.ஏ.யைச் சிலிக்கா பற்றுகிறது. சாராயம் கலந்த நீர் மற்றவற்றைக் கழுவிச் செல்கிறது, அப்போதும் டி.என்.ஏ. பிடியை விடுவதில்லை. இறுதியில் உப்பற்ற நீரை விட்டால் பிடி தளர்ந்து, தூய டி.என்.ஏ. நீரோடு இறங்கி வருகிறது. ஒருவகையில் இது சலவைக்கு நேர்மாறானது. சலவையில் துணி நிற்க அழுக்கு போகும். பின்னர் துணியை எடுத்துக்கொள்வர். இங்கே வேண்டிய பொருளே ஒட்டி நிற்கிறது. அழுக்கு போனபின் அதையும் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

மயிரிழைக் கால்வாய்

இந்த நான்கு படிகளையும் ஒரு சில்லுக்குள் செய்வதில் என்ன சிறப்பு? சிறுமையே சிறப்பு. சில்லில் உள்ள கால்வாயின் அகலம் பெரும்பாலும் 100 மைக்ரோமீட்டர் அளவினது; அது ஒரு தலைமயிரின் பருமனை ஒத்தது.

ஒரு மில்லிலிட்டர் திரவத்தை ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கிண்ணத்தில் ஊற்றினால், அது அடியையும் நான்கு சுவர்களையும் சேர்த்து 5 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் தொடும். அதே திரவத்தை 100 மைக்ரோமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள கால்வாயில் நிரப்பினால், அது தொடும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டராகும். சுவரே டி.என்.ஏ.யைப் பற்றும் கை என்றால், கைகள் எண்பது மடங்கு பெருகிவிட்டன என்று பொருள்.

அதுவுமன்றி, நீரில் மிதக்கும் துகள் தானாக அலைந்து சுவரை அடைய வேண்டிய தூரமும் குறைகிறது. தூரம் பாதியானால் நேரம் நான்கில் ஒன்றாகும். தூரம் நூறில் ஒன்றானால் நேரம் பதினாயிரத்தில் ஒன்றாகும். ஒரு நாள் முழுவதும் பிடிக்கக்கூடிய பயணம் ஒன்பது நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

ஏன் பிளாஸ்டிக்?

முற்காலச் சில்லுகள் கண்ணாடியிலும் சிலிக்கனிலும் செய்யப்பட்டன. கண்ணாடியில் கால்வாய் வெட்ட ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது மிகக் கொடியது. ஒவ்வொரு சில்லுக்கும் செலவும் மிகுதி. நோய்ச் சோதனைக்குரிய சில்லையோ ஒருவருக்கு ஒன்று எனப் பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும். முன் நோயாளியின் டி.என்.ஏ. அணுவளவு எஞ்சினாலும் பின் நோயாளியின் முடிவு பொய்த்துவிடும். எறிய வேண்டிய பொருள் மலிவாக இருத்தல் இன்றியமையாதது.

அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் சூட்டில் இளகி, குளிரில் இறுகுவன. கால்வாயின் எதிர்வடிவத்தை உலோக அச்சில் ஒருமுறை செதுக்கிவிட்டால் போதும். கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவது போல், இளகிய பிளாஸ்டிக்கை அதில் அழுத்தியோ பீய்ச்சியோ ஒரே மாதிரியான சில்லுகளை ஆயிரக்கணக்கில் வார்த்துவிடலாம். அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. ஆனால் அச்சு உருவானபின் ஒவ்வொரு சில்லின் விலையும் சிறிது.

தொல்லைகளும் உண்டு. திறந்த கால்வாய்க்கு மூடி வைத்து ஒட்ட வேண்டும். சூடு குறைந்தால் மூடி ஒட்டாது. கூடினால் கால்வாயே உருகித் தூர்ந்துவிடும். அக்ரிலிக் ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். அந்த எல்லையை ஒட்டியே வேலை நடக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் ஓட்டம் தடைபடும். மூலையில் ஒரு துளி சாராயம் தங்கினாலும் நொதி படுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக் கண்ணாடி அன்று, டி.என்.ஏ.யைப் பற்றும் சிலிக்கா அதில் இல்லை. இக்குறையைத் தீர்க்கும் இரண்டு வழிகளை இரண்டு அமெரிக்கக் குழுவினர் 2006-இல் வெளியிட்டனர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் அர்பிதா பட்டாச்சார்யாவும் கேதரின் கிளாப்பரிச்சும், பிளாஸ்டிக் கால்வாய்க்குள்ளேயே நுண்துளைகள் நிறைந்த ஒரு பஞ்சு போன்ற பொருளை ஒளியால் உறையச் செய்து, அதில் சிலிக்காத் துகள்களைப் பதித்து வைத்தனர். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சோப்பரின் குழுவினரோ சிலிக்காவையே விலக்கினர். பாலிகார்பனேட் சுவரின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அதன் மேற்பரப்பில் கார்பாக்சில் என்னும் அமிலக் கூறுகள் தோன்றுகின்றன. தகுந்த உப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கரைசலில் டி.என்.ஏ. அந்தச் சுவரில் படிந்துவிடும். கழுவியபின் வெறும் நீரால் அதனை மீட்கலாம். ஒட்டும் பொருளை உள்ளே திணிக்க வேண்டியதே இல்லை. ஒளிபட்ட சுவரே அந்த வேலையைச் செய்கிறது.

மருத்துவமனைக்கு வந்த பேழை

ஆய்வுக்கூடச் சில்லு நோயாளியை எட்டியது எவ்வாறு? ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் கருவி அதற்கு நல்ல சான்று. காசநோய்க்கான அச்சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றது. கோழையோடு ஒரு நீர்ப்பொருளைச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் அது நெகிழ்ந்து நீர்த்துவிடும். பின்பு கார்ட்ரிட்ஜ் என வழங்கும் பிளாஸ்டிக் பேழைக்குள் அதனை ஊற்றி மூடி, கருவியில் வைத்துவிட வேண்டியதே. உள்ளே ஒரு சுழல் அடைப்பானும் உந்துதண்டும் திரவத்தை அறைக்கு அறை நகர்த்துகின்றன.

இப்பேழை செய்யும் ஒரு தந்திரம் கவனிக்கத் தக்கது. டி.என்.ஏ.யைப் பற்றிக் கழுவுவதற்கு மாறாக, இது முழுக் கிருமியையே முதலில் ஒரு வடிகட்டியில் பிடித்து வைத்துக் கழுவிவிடுகிறது. மாசெல்லாம் போனபின், காதுக்குக் கேளாத ஒலியதிர்வும் கண்ணாடி மணிகளும் சேர்ந்து அந்த மெழுகு உறையை உடைக்கின்றன. வெளிப்பட்ட டி.என்.ஏ. உலர்ந்த நொதியோடு கலந்து, பெருக்கும் அறைக்குச் செல்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா என்பதும், ரிஃபாம்பிசின் என்னும் தலையாய மருந்து அதற்குப் பலிக்குமா என்பதும் தெரிந்துவிடும். நுண்ணோக்கிக்கு 10,000 கிருமிகள் வேண்டியிருந்த இடத்தில், இதற்கு ஒரு மில்லிலிட்டருக்கு 130 அளவில் இருந்தாலே போதும்.

குறையும் இல்லாமலில்லை. இக்கருவிக்குத் தடையற்ற மின்சாரமும் குளிர்ந்த அறையும் தேவை. வெப்ப நாட்டின் சிற்றூர்களில் இரண்டும் எப்போதும் கிடைப்பதில்லை. இந்தியாவில் கோவாவைச் சேர்ந்த மோல்பியோ நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி இக்குறையைக் கருதியே அமைந்தது. அதில் ஒரு பேழை டி.என்.ஏ.யைத் துலக்கும், வேறொரு சிறு சில்லு அதனைப் பெருக்கும். மின்கலத்திலேயே அது இயங்கும். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதனையும் காசநோய்ச் சோதனைக்கு ஏற்றது.

சென்னை காட்டிய வழி

இந்தப் பேழைகளின் உண்மையான பயனை விளங்கிக்கொள்ள, சென்னையில் நடந்த ஒரு பழைய ஆராய்ச்சியை நினைவுகூர்தல் வேண்டும். காசநோயாளி ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் நெடுநாள் படுத்திருந்தால்தான் குணமடைவான் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவரை அவரவர் வீட்டிலேயே இருக்க விட்டும், இருவர்க்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான வீடும் எளிய உணவும் உடையோர்கூட வீட்டிலிருந்தே ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியான முடிவு. வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர அந்த முடிவு பெருந்துணையாயிற்று. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

சிகிச்சை இவ்வாறு வீட்டுக்கு வந்துவிட்டது; ஆனால் நோயை நுட்பமாகக் கண்டறியும் வேலை நகரத்து ஆய்வுக்கூடத்திலேயே நின்றுவிட்டது. கோழை பயணம் செய்ய வேண்டியிருந்தது. முடிவும் பயணம் செய்து திரும்ப வேண்டியிருந்தது. இடையில் எத்தனையோ நோயாளிகள் மீண்டும் வராமலே போயினர். பெருக்கும் கருவி சுருங்கியது மட்டும் இதனைத் தீர்த்திருக்காது; துலக்கும் வேலையும் சுருங்கியதால்தான் சோதனை நோயாளியின் பக்கத்தில் வர முடிந்தது. சிகிச்சைக்குச் சென்னை ஆராய்ச்சி எதைச் செய்ததோ, அதையே நோயறிதலுக்குச் செய்யும் ஆற்றல் இந்தப் பிளாஸ்டிக் பேழைக்கு உண்டு.

விலையும் கைத்திறனும்

அந்த ஆற்றல் நிறைவேறத் தடையாக நிற்பது விலை. ஜீன் எக்ஸ்பெர்ட் காசநோய்ப் பேழையின் சலுகை விலை 2012 முதல் 9.98 அமெரிக்க டாலராக இருந்தது; 2023-இல் 7.97 டாலராகக் குறைக்கப்பட்டது. 5 டாலருக்கு இறக்க வேண்டும் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2019-இலேயே கேட்டது. தட்டுப்பாடும் ஒரு தொல்லை. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, பெருக்கும் கருவிகள் இருந்தும், துலக்கும் பொருள்கள் கிடைக்காமல் பல நாடுகளில் சோதனைகள் தேங்கின. சிறு படி என்று எண்ணப்பட்டதே அன்று இடுக்குவழியாயிற்று.

இச்செய்தி பினாங்கு மக்களுக்கு அயலானது அன்று. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது முதல், மின்னணுச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழில் இத்தீவில் வேரூன்றியுள்ளது. மருத்துவப் பொருள் செய்யும் பி. பிரான் நிறுவனம் பினாங்கில் கால்கொண்டதும் அதே 1972-இல்தான். தூசியற்ற அறையில் வேலை செய்தல், நுண்ணிய அளவு பிறழாமல் வார்த்தல், ஆயிரத்தில் ஒன்று பழுதானாலும் அதைப் பிடித்து விலக்குதல் என்பன இங்குள்ள தொழிலாளர் பலர்க்குப் பழகிய திறன்கள். டி.என்.ஏ.யைத் துலக்கும் சில்லுக்கு வேண்டியவையும் இவையே. மிந்தனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு மருத்துவத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கழகமும் இயங்குகிறது. அச்சின் நுட்பமும் நொதியின் நுட்பமும் ஒரே ஊரில் அருகருகே இருப்பது எளிதில் வாய்க்கும் பேறன்று.

இரண்டையும் இணைத்து எண்ணக்கூடியவர்கள் பள்ளி மேசையிலிருந்தே வர வேண்டும். வாழைப்பழச் சாற்றில் வெண்ணூல் எழும்போது, "இதுதான் டி.என்.ஏ." என்று கூறி ஆசிரியர் நிறுத்திவிடலாம். "இதில் டி.என்.ஏ. அல்லாதது எவ்வளவு? அதை எப்படி விலக்குவது?" என்ற கேள்வியையும் அவர் சேர்த்துக் கேட்டால், மாணவன் வகுப்பறையிலிருந்து காசநோயாளியின் கோழைக்கும், அங்கிருந்து பிளாஸ்டிக் கால்வாய்க்கும் வந்து சேர்வான். அந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் பெருகினால், தோட்டப்புறத்துச் சிறு சுகாதார நிலையத்துக்குக் காலையில் இருமிக்கொண்டு வரும் ஒருவர், மாலையில் தம் நோய் இன்னதென்று அறிந்து, மருந்தோடு வீடு திரும்புவது எங்கும் நடைபெறும் சாதாரணச் செய்தியாகிவிடும்.